சிவப்புத் துணி கட்டிய பிறகு

க்ளவுஸ், நீ தூங்கியிருப்பாய். தூங்கு. இதைக் காலையில் படித்தால் போதும். இப்போதே படித்துவிட்டு ஏதாவது பதில் போட்டாயானால் எனக்கு இருக்கிற கொஞ்ச தைரியமும் போய்விடும்.

நீ ஏற்றிய அந்தப் பதினோரு வினாடி வீடியோ எண்பதாயிரம் பேரைத் தாண்டிவிட்டது. என் சித்தியின் நீல வண்டி, முப்பத்தொன்றாம் எண், முதல் சுற்று, ஐந்தாவது திருப்பம். பின்சக்கரம் நழுவுகிறது. வண்டி குறுக்கே திரும்புகிறது. சட்டென்று டயர் தரையைப் பிடித்துக்கொள்ள, வண்டி சித்தியைத் தூக்கி எறிகிறது. இரண்டு காலும் மேலே போய்விட்டன, கைகள் மட்டும் ஹேண்டில்பாரில். அப்படியே இறங்கி மறுபடி சீட்டில் உட்கார்ந்து, புல்லுக்குள் போய், வெளியே வந்து, போய்க்கொண்டே இருக்கிறாள். கீழே நீ எழுதியிருந்தாய்: "இவங்க மனுஷியே இல்ல. ஆறிப்போன டயர்ல இப்படி யாரு காப்பாத்துவா?"

முதலில் எழுதியது சரி. இரண்டாவது தப்பு. டயர் ஆறிப்போகவில்லை. அது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். உன் வீடியோவை எத்தனையோ தடவை திறந்துவிட்டேன், ஒரு தடவைகூட நான்காவது வினாடியைத் தாண்டிப் பார்க்க முடியவில்லை.

பைக் பந்தய ரசிகர் குழுவில் 'க்ளவுஸ்' என்ற பெயரில் நீ வந்ததிலிருந்து இரண்டு வருடமாகப் பேசுகிறோம். ஆனாலும் என் வீட்டு ஆட்களை உனக்குச் சரியாகத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். நாள் முழுக்க ஒரே வசனம்: "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க." பைக் ஓட்டுவதும் அதேதான் என்பாள். திருப்பத்துக்கு முன்னால் பிரேக்கை இழு, சாய்ந்த நிலையில் அப்படியே பிடி, வழி தெரிந்ததும் விடு. சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதி நகரம் அவரை நம்பித்தான் மேலே போய்க் கீழே வருகிறது. சனி ஞாயிறுகளில் அவர் சித்தியின் மெக்கானிக். அவர் அவளை 'டிரைவரம்மா' என்பார். அவள் அவரை 'முதலாளி' என்பாள். என்னை இரண்டு பேரும் 'நண்டு' என்பார்கள், சின்ன வயதில் சோபாவில் பக்கவாட்டாகவே ஏறுவேனாம். பள்ளி விடுமுறை முழுக்க நான் இங்கேதான். அம்மாவுக்கு இதில் விருப்பமே இல்லை. "அவதான் பைத்தியம், நீயுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் பையில் துணி வைப்பாள்.

பெரிய பந்தயம் டிவியில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். சித்தி சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துகொள்வாள், அதுதான் அவள் வண்டி. டிவியில் அவர்கள் சாய்ந்தால் இவளும் சாய்வாள். போன மாதம் சாய்ந்து விழுந்தே விட்டாள். சித்தப்பா எழுந்துகூடப் பார்க்கவில்லை.

"முன் டயரா, பின் டயரா?" என்று மட்டும் கேட்டார்.

"பின்பக்கம்தான், அதுதான் வலிக்குது" என்றாள் தரையிலிருந்தே.

குழுவில் நாம் 'வழுக்கை' என்று பெயர் வைத்த நம்ம ரேஸர் கடைசிச் சுற்றில் உள்பக்கமாக நுழைந்து முந்தினால் நானும் சித்தியும் போடுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். சித்தப்பா எதிரணி ரேஸர் 'பால்பல்'லின் ஆள். வாயே திறக்க மாட்டார். பால்பல் ஜெயித்த அன்று மட்டும் எழுந்துபோய் எங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார். அதை விடப் பெரிய அவமானம் உண்டா, சொல்.

சித்தியின் பந்தயத்துக்கு டிவியெல்லாம் கிடையாது, கிளப் இணையத்தில் போடும் வீடியோ மட்டும்தான், நீ வெட்டி எடுத்ததும் அதிலிருந்துதானே. அது கிளப் பந்தயம். பல் டாக்டர், பெயிண்டர், ஒரு கல்லூரி வாத்தியார், இப்படி இருபத்திரண்டு பேர். பத்துச் சுற்று. ஆனால் க்ளவுஸ், வேகம் வேகம்தான். தடத்தை ஒட்டி வண்டிகளைத் தயார்செய்கிற பிட்டின் சுவரோரம் நான் நிற்கும்போது நேர்ப்பாதையில் அவர்கள் வருவது முதலில் காதில் விழாது, வயிற்றில்தான் விழும்.

ஒரு நாள் விடியற்காலையில் சித்தி என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள். பந்தய வண்டி இல்லை, பழைய சிவப்பு வண்டி. "நான் எந்தப் பக்கம் சாயறேனோ நீயும் அந்தப் பக்கம். பயந்து நிமிந்தேன்னா ரெண்டு பேரும் வேலிக்குள்ளதான். என் தோளுக்கு மேல எட்டிப் பாரு, வண்டியப் பாக்காத" என்றாள். மலையேறுகிற ரோடு. ஒரு வண்டி இல்லை. முதல் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதில் திறந்தேன். ரோடு அப்படியே எழுந்து என் தோள் பக்கத்தில் வந்து நிற்கிறது. நாம் சாய்வது போலவே இல்லை, உலகம்தான் சாய்கிறது, நாம் மட்டும் நேராக இருக்கிறோம். ஒரு திருப்பம் முடிந்து அடுத்ததற்கு அவள் வண்டியை மறுபக்கம் போடுகிற அந்த நொடியில் உடம்புக்கு எடையே இல்லை. மேலே போய் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது இரண்டு பேருக்கும் காரணமே இல்லாமல் சிரிப்பு. இன்ஜின் ஆறும்போது டிக் டிக் என்று சத்தம் போடுமே, அதைக் கேட்டுக்கொண்டே பன்னைப் பிய்த்துத் தின்றோம். அன்றிலிருந்து நான் நடந்து போகும்போதுகூடத் தெருமுனையில் கொஞ்சம் சாய்ந்துதான் திரும்புகிறேன். சிரிக்காதே.

இப்போது துணி விஷயம்.

சித்தப்பா பந்தயத்தன்று காலையில் வண்டியைப் பார்க்கிற முறை ஒன்று இருக்கிறது. முன் அச்சிலிருந்து ஆரம்பித்துப் பின்பக்க நம்பர் பிளேட் வரைக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் கையால் தொடுவார். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறார், தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிவிடும். டயரை இரண்டு உள்ளங்கையாலும் சுற்றித் தடவுவார். ஒன்றே கால் மணி நேரம் ஆகும், யாரோடும் பேச மாட்டார். எல்லாம் முடிந்ததும் வலது ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். அதைக் கட்டியாயிற்று என்றால் வண்டியை ஒருவரும் தொடக் கூடாது. சித்தியே தொடக் கூடாது. அவள் ஏறும்போது அவரே அவிழ்ப்பார். 'லிஃப்ட்ல வேலை முடிச்சுட்டுக் கதவ மூடுனா மூடுனதுதான், அப்புறம் எவனாவது உள்ள கைய விட்டா நான் பொறுப்பில்ல' என்பார். பிட்டில் எல்லோரும் இதைக் கிண்டல் பண்ணுவார்கள். ஆனால் ஏழு வருடத்தில் சித்தியின் வண்டி ஒரு தடவைகூட நடுவழியில் நின்றதில்லை.

போன வாரம் நீ கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? சித்தி ஏழு வருடத்தில் முதல் தடவையாக முன்வரிசையில், இரண்டாவது இடத்தில் நிற்கப் போகிறாள் என்று சொன்னதும், "வண்டிய பளபளன்னு ஒரு படம் எடுத்து அனுப்பு நண்டு, குரூப்புல முகப்புப் படமா வைக்கறேன்" என்றாய். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. படம்தானே கேட்டாய்.

முந்தாநாள் பந்தயத்தன்று சித்தப்பா துணியைக் கட்டிவிட்டு, சித்தியோடு ஓட்டுநர் கூட்டத்துக்குப் போனார். எல்லா ஓட்டுநர்களையும் கூட்டி விதிமுறை சொல்வார்கள். திரும்பி வர இருபது நிமிடம். பிட்டில் நான் மட்டும். வண்டியின் வால் பக்கம் முந்தின நாள் பூச்சி அடித்துக் காய்ந்து கிடந்தது. படத்தில் அசிங்கமாகத் தெரியும். பாலிஷ் ஸ்ப்ரே டப்பா ஒன்று சாமான் பெட்டியில் இருந்தது. வாலில் அடித்து வேறொரு பழந்துணியால் துடைத்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம், பக்கவாட்டிலும் அடித்தேன். காற்று இருந்தது. படம் எடுத்தேன், உனக்கு அனுப்பினேன், நீயும் பத்து நெருப்புப் பொம்மை போட்டாய்.

அப்புறம்தான் பார்த்தேன். பின் டயரின் இடது ஓரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, ஈரமாக ஒரு மினுக்கு.

பாலிஷ் டயரில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், க்ளவுஸ். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. சட்டைக் கையால் துடைத்தேன். மினுக்குப் போய்விட்டது. போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது, டப்பாவைப் பெட்டியின் அடியில் வைத்தேன். சித்தப்பா வந்தார். துணி கட்டியபடியே இருக்கிறது. அதனால் டயரைப் பார்க்கவே இல்லை. நேராக டயர் வார்மரை எடுத்து இரண்டு சக்கரத்துக்கும் சுற்றினார். டயரைச் சுடவைக்கிற மின்சாரப் போர்வை அது. வண்டி கிளம்பும்வரை டயரை மூடியே இருக்கும்.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் இருந்தது. முக்கால் மணி நேரமும் நான் அங்கேயேதான் நின்றேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் துணி கட்டிய வண்டியைத் தொட்டேன் என்று தெரிந்துவிடும், இனிமேல் பிட்டுக்குள் வராதே என்பார்களே என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன். என் சின்ன மண்டைக்குள் சித்தியின் உயிரைவிட பிட்டுக்குள் விடுகிற அந்த அனுமதி அட்டை பெரிதாக இருந்திருக்கிறது.

நடுவில் ஒரு தடவை பின்சக்கரத்து வார்மரின் பிளக் கழன்றுவிட்டது. எவ்வளவு நேரம் கழன்று கிடந்தது என்று தெரியாது. சித்தப்பா பார்த்ததும் மாட்டினார், கையை வைத்துப் பார்த்தார், மணி பார்த்தார். "போதும், சூடு இருக்கு" என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள். எல்லாமே இதில்தான் மாட்டிக்கொண்டது.

அந்தத் தடத்தில் வலது திருப்பங்கள்தான் அதிகம். கிளம்பியதும் நாலு வலது, ஐந்தாவதுதான் முதல் இடது. வலதுபக்கம் சுட்டுக்கொண்டே போகும், இடதுபக்கம் அதுவரை சும்மா இருக்கும். அதனால் ஐந்தாவதில் எல்லோரும் கொஞ்சம் பயந்துதான் சாய்வார்கள். சித்தி பயப்படவில்லை. அவள் இரண்டாவதாக இருந்தாள். முதலாவதாகப் போன பல் டாக்டரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால். பிட் சுவரிலிருந்து ஐந்தாவது திருப்பம் சின்னதாகத்தான் தெரியும். நீல வண்டி படுத்தது. அப்புறம் குறுக்கே நின்றது. அப்புறம் வண்டி ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம், நடுவில் ஆகாயம் தெரிந்தது. அதை நான் நேரில் பார்த்தேன். சித்திக்குச் சுற்று எண் காட்ட சித்தப்பா கையில் வைத்திருந்த பலகை கீழே விழுந்தது.

அவள் விழவில்லை. நீ மறுபடி மறுபடி போட்டுப் பார்த்திருப்பாய், என்னைவிட உனக்கே நன்றாகத் தெரியும். வெளியே வந்தபோது பதினான்காவது. அங்கிருந்து ஒன்பது சுற்றில் ஆறாவது. மணிக்கட்டு பிசகிப்போய், க்ளட்ச் பிடிக்கிற கையில் இரண்டு விரல் மட்டும் வேலை செய்ய, எட்டுப் பேரை முந்தினாள். கடைசிச் சுற்றில் வாத்தியாரை முந்தினாளே, உள்ளே இடமே இல்லாத இடத்தில், பிரேக்கை விட்டுவிட்டு மிதந்து போய்? அந்த நேரத்தில் நான் செய்ததை மறந்தேபோய்க் கத்தினேன். அவ்வளவு அழகு. அப்புறம் ஞாபகம் வந்து பாதிக் கத்தலில் நிறுத்திவிட்டேன்.

ஜெயித்த பல் டாக்டர் கோப்பையைக்கூட வாங்காமல் நேராக எங்கள் பிட்டுக்கு வந்தார். "அக்கா, உங்க எலும்புக்கெல்லாம் எக்ஸ்ரே நீங்களே எடுத்துக்குவீங்களா, இல்ல எலும்பே கெடையாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள், கையை ஐஸ் வாளியில் வைத்துக்கொண்டே. சித்தப்பா மட்டும் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்து அந்த பிளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க முதலாளி, ஆறாவது வந்திருக்கேன், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"டயர் ஆறிடுச்சு" என்றார். "பிளக் கழண்டது தெரிஞ்சும் உன்ன அனுப்பிட்டேன்."

"அது அஞ்சாவது திருப்பம். அங்க எல்லாருக்கும் வழுக்கும்."

"எல்லாருக்கும் வழுக்கல. உனக்குத்தான் வழுக்குச்சு."

நான் பக்கத்தில்தான் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். வாயைத் திறந்தேன். தண்ணீர் குடித்தேன்.

இன்று மாலை நடந்ததுதான் என்னைத் தூங்க விடவில்லை. சாப்பாட்டு மேஜையில் சித்தப்பா கருவிப் பெட்டியின் சாவியை எடுத்து சித்தியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கிளப்ல அந்தச் சுருட்டமுடிப் பையன் இருக்கான்ல, நல்லா வேலை பாப்பான். அடுத்த ரேஸுக்கு அவன வச்சுக்க."

"வெளையாடாதீங்க."

"வெளையாடல. ஒரு லிஃப்ட் என் வேலையால அறுந்து விழுந்தா அந்தக் கட்டடத்துக்குள்ள நான் மறுபடி கால் வைப்பேனா? நீ கீழ விழாம வந்தது உன் சாமர்த்தியம். அதுக்காக நான் செஞ்சது சரியாயிடாது."

"யாரு சொன்னா நீங்க செஞ்சதுன்னு?"

"யாரு சொல்லணும்? எண்பதாயிரம் பேரு சொல்றான்."

உன் வீடியோவுக்குக் கீழே ஒருவன் எழுதியிருக்கிறான், 'அந்த மெக்கானிக்க மொதல்ல மாத்துங்கப்பா, அந்தம்மாவக் கொன்னுடுவான்' என்று. அதற்கு நானூறு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். சித்தப்பா வீடியோவைப் பார்க்கவில்லை, பார்க்கவே மாட்டேன் என்கிறார். கீழே எழுதியிருப்பதை மட்டும் படித்திருக்கிறார். சித்தி எவ்வளவோ பேசிப் பார்த்தாள், திட்டினாள், கடைசியில் சாவியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். ஏழு வருடமாக இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டிய வண்டி அது. அவள் மேலே, அவர் கீழே, அவ்வளவுதான் வித்தியாசம். அதை நான் ஒரு டப்பா பாலிஷால் இரண்டாகப் பிரித்துவிட்டேன்.

சொன்னால் என்னை வெறுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் சித்தப்பா இனி அந்த வண்டியைத் தொட மாட்டார். இதை உனக்கு எழுத ஆரம்பித்தபோது உன்னிடம் சொன்னால் போதும் என்றுதான் நினைத்தேன். எழுத எழுத, போதாது என்று தெரிகிறது.

கீழே கேரேஜில் விளக்கு எரிகிறது. போகிறேன்.

*

வந்துவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே.

சித்தப்பா வண்டிக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தொடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும்.

"என்ன நண்டு, தூங்கலையா?"

"சித்தப்பா, டயர் ஆறல" என்றேன். "நான் பாலிஷ் அடிச்சேன். துணி கட்டுனதுக்கப்புறம். பின் டயர்ல பட்டுடுச்சு. தொடச்சேன். சொல்லல." இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை, நடுநடுவே அழுகை. ஆனால் இவ்வளவும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்.

"நல்ல புள்ளதான் நீ. ஆனா என்னச் சமாதானப்படுத்த இப்படியெல்லாம் கதை விடாத. போய்ப் படு."

க்ளவுஸ், நான் எதிர்பார்க்காதது இது ஒன்றுதான். அவர் நம்பவில்லை! உண்மையைச் சொல்வதைவிட அதை நம்பவைப்பது கஷ்டம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பூட்டாத சாமான் பெட்டியின் அடியிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினேன். டப்பா எப்போதும் அங்கேதானே இருக்கிறது என்றார். சட்டையைக் காட்டலாம் என்றால் துவைத்துப் போட்டுவிட்டேன். டயரைப் பார்க்கலாம் என்றால் ஒன்பது சுற்றில் மேல்தோல் முழுக்கத் தேய்ந்து புது ரப்பர் வந்துவிட்டது. ஒரு தடயமும் இல்லை. என் தப்பு சுத்தமாக அழிந்துவிட்டது. நான் நினைத்தால் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

"எந்தப் பக்கம் நின்னு அடிச்ச?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"இடதுபக்கம். வால்ல அடிச்சேன். காத்து உள்பக்கமா தள்ளுச்சு."

அவர் பின்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். டார்ச்சை எடுத்தார். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அலுமினியக் கை இருக்கிறதே, அதன் இடதுபக்கம் குனிந்தார். ரப்பர்த் துகளும் தூசியும் வண்டி முழுக்க இருந்தன. மற்ற இடத்தில் விரலால் தட்டினால் உதிர்ந்தன. அங்கே உதிரவில்லை. விசிறி மாதிரி விரிந்து ஒட்டிக்கொண்டிருந்தன, ஸ்ப்ரே அடித்த அச்சு அப்படியே. அவர் விரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார்.

"எலுமிச்சம்பழ வாசம்" என்றார்.

"அந்த டப்பாதான் சித்தப்பா."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரிப்பதுபோல் இருந்தது. அப்புறம்தான் சிரிப்பில்லை என்று தெரிந்தது. "டயர் சூடாத்தான் இருந்திருக்கு" என்றார். "நான் கைய வச்சுப் பாத்தேன். சூடா இருந்துச்சு. என் கையே எனக்குப் பொய் சொல்லிடுச்சோன்னு நெனச்சுட்டு இருக்கேன் ரெண்டு நாளா."

அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் கோபம் வந்தது. சத்தமே போடவில்லை. "முக்கால் மணி நேரம் பக்கத்துல நின்ன" என்றார். "முக்கால் மணி நேரம்." இரண்டே தடவைதான் சொன்னார். அடித்திருக்கலாம்.

"என்னாச்சு, யாரு செத்தா?" என்று சித்தியின் குரல் கதவிலிருந்து வந்தது. கையில் கட்டு, முடி ஒரு பக்கமாக நின்றது. சித்தப்பா சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். மறுபடியும் முழுக்க நானே சொன்னேன். இரண்டாவது தடவை கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

சித்தி கேட்டு முடித்துவிட்டு நேராக வந்து என் காதைப் பிடித்தாள், நல்ல கையால். வலித்தது. விடவில்லை.

"பாலிஷா? பாலிஷா அடிச்ச? படம் எடுக்கவா? நான் செத்திருந்தா அந்தப் படத்துக்கு மாலை போட வசதியா இருந்திருக்கும்ல?"

"சித்தி, மன்னிச்சுடு சித்தி."

"அதெல்லாம் அப்புறம். இந்த மனுஷன் ரெண்டு நாளா சோறு திங்கல, அத வேடிக்கை பாத்துட்டு இருந்தியே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லு."

காதை விட்டாள். பிறகு பந்தய நடுவர்கள் தண்டனை சொல்வதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், கட்டு போட்ட கையும் சேர்த்து, வலியில் முகம் சுளித்துக்கொண்டே.

"மூணு ரேஸ் தடை. பிட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. கேரேஜுக்குள்ளயும் கூடாது. கேலரில வெயில்ல உக்காந்து மத்தவங்க மாதிரி பாரு. நாலாவது ரேஸுக்கு வரதா வேண்டாமான்னு முதலாளி முடிவு பண்ணுவாரு. உங்கம்மாகிட்ட நீயே சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

"சரி சித்தி."

"மேல்முறையீடு கெடையாது."

"சரி சித்தி."

அப்புறம் சித்தப்பா பக்கம் திரும்பினாள். "முதலாளி, அந்தச் சுருட்டமுடிப் பையன் நாலு போல்ட்ட மூணா எண்ணுவான். சாவி மேஜையிலதான் இருக்கு. எடுத்துட்டு வரீங்களா, இல்ல இந்த ஒத்தக் கைய வச்சுட்டு நானே ஸ்பேனர் புடிக்கணுமா?"

சித்தப்பா எழுந்தார், உள்ளே போனார். எனக்கு கேரேஜில் நிற்க உரிமை இல்லாததால் மாடிக்கு வந்துவிட்டேன்.

க்ளவுஸ், உனக்கு ஒரு வேலை இருக்கிறது. காலையில் எழுந்ததும் வீடியோவுக்குக் கீழே மாற்றி எழுது. டயர் சூடாக இருந்தது, மெக்கானிக் செய்தது எல்லாம் சரி, பிட்டில் இருந்த ஒருத்தி டயரில் பாலிஷ் படவைத்துவிட்டுச் சொல்லாமல் இருந்தாள் என்று எழுது. என் பெயரைப் போடு. நண்டு என்று போட்டால் குழுவில் எல்லோருக்கும் தெரியும். திட்டுவார்கள். அந்த நானூறு பேரும் என் பக்கம் திரும்புவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. அம்மாவை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. நீயும் இனிமேல் பேசுவாயா என்று தெரியவில்லை. ஆனாலும் போடு.

எழுதிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறேன். கேரேஜ் ஷட்டர் பாதி திறந்திருக்கிறது. சித்தப்பா சாவியோடு வந்துவிட்டார். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திக் கேட்கிறார்:

"பாலிஷ் டயர்ல எப்படிடி காப்பாத்துன? கையில என்ன பண்ண அப்போ?"

இரண்டு நாளில் இதை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சித்தி நைட்டியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் பண்ணல, அதான் விஷயம். ஆக்ஸிலேட்டர மூடல. மூடியிருந்தா தீந்தேன். பின்னாடி போகுதா, சரி, போயிட்டு வான்னு விட்டுட்டேன்."

"மூடணும்னு தோணலையா?"

"தோணுச்சு. கைதான் கேக்கல. இங்க பாருங்க, இடுப்பு இப்படிப் போகுது, நான் இந்தக் கால வச்சு..." வண்டி மேலேயே ஒரு பக்கமாகத் தொங்கிக் காட்டுகிறாள். சித்தப்பா ஓடிப்போய் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்கிறார்.

"ஏய், மெதுவா! அந்தக் கை, அந்தக் கை!"

"அட இருங்க, இன்னும் எகிறுற இடமே வரல. வீடியோவ எடுங்க, போட்டுப் போட்டுச் சொல்றேன்."

அவர் போனை எடுக்கிறார். தடை கேரேஜுக்கும் பிட்டுக்கும்தான், ஜன்னலுக்கு இல்லை என்று நினைக்கிறேன். இங்கிருந்தே, சித்தி தொங்கிக் காட்டுவதில், நானும் நாலாவது வினாடியைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.